சாலைக் கேமரா எதை எண்ணுகிறது, எண்ணி என்ன செய்கிறது?

பெரிய சாலைச் சந்திப்பு ஒன்றில் நின்று சிக்னல் கம்பத்தை நிமிர்ந்து பாருங்கள். ஒன்றுக்கு மூன்றாகக் கேமராக்கள் இருக்கும். பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான், வேலைதான் வேறு வேறு. அரைக்கோள மூடிக்குள் இருக்கும் கேமரா நாலா பக்கமும் திரும்பும், தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பதற்காக வைத்தது அது. நிறுத்தக் கோட்டை நோக்கிச் சாய்ந்து, கொஞ்சமும் அசையாமல் இருப்பது வாகனங்களை எண்ணும் கேமரா. இன்னும் தாழ்வாக, பக்கத்திலேயே ஒரு விளக்குப் பெட்டியோடு, ஒரே ஒரு தடத்தைக் குறிவைத்திருந்தால் அது நம்பர் பிளேட் படிக்கும் கேமரா.

அபராத நோட்டீஸுக்குக் காரணம் இந்த மூன்றாவது ரகம் என்பதால், பேச்சில் அதிகம் அடிபடுவதும் அதுதான். நெரிசலைக் குறைப்பதில் பெரிய பங்கு என்னவோ எண்ணும் கேமராவுக்கு. அதனால் அதிலிருந்தே தொடங்குவோம்.

எண்ணுவதில் என்ன இருக்கிறது?

கேமராவை வைத்துப் போக்குவரத்தை அளக்கும் யோசனைக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்ற பொறியாளர் ஒரு சினிமா கேமராவைச் சாலையோரம் நிறுத்தி, சீரான இடைவெளியில் படம் படமாக எடுத்தார். அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஒரே கார் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்தால் வேகம் தெரிந்துவிடும். ஒரு படத்தில் எத்தனை கார் இருக்கிறது என்று எண்ணினால் அடர்த்தி தெரிந்துவிடும். இன்றைய மென்பொருளும் அடிப்படையில் இந்த இரண்டு அளவுகளைத்தான் எடுக்கிறது. அவர் உட்கார்ந்து பொறுமையாக அளந்ததை அது நொடிக்கு 25 தடவை அளக்கிறது, அவ்வளவுதான்.

அடர்த்தி கூடக் கூட வேகம் குறைகிறது என்பது அவர் கண்ட விஷயம். இது யாருக்குத்தான் தெரியாது என்று தோன்றும். அதிலிருந்து பிறக்கும் கணக்குதான் சுவாரசியம். ஒரு மணி நேரத்தில் ஒரு சாலையைக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கை, அடர்த்தியையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. காலிச் சாலையில் வேகம் இருக்கும், வண்டி இருக்காது. அடைத்துக்கொண்ட சாலையில் வண்டி இருக்கும், வேகம் இருக்காது. இரண்டுக்கும் நடுவே ஏதோ ஓர் அடர்த்தியில்தான் சாலை தன்னால் முடிந்த உச்சபட்ச எண்ணிக்கையை அனுப்புகிறது. அதையும் தாண்டி வண்டிகளை உள்ளே விட்டால், கடந்துபோகும் எண்ணிக்கை குறையவே செய்யும். அந்த எல்லை நெருங்கும்போதே தெரிந்துகொள்ளத்தான் இத்தனை எண்ணிக்கையும்.

எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு, ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஒரு சோதனை நல்ல உதாரணம். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதை, அதில் 22 கார்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் சீராக ஓட்டுங்கள் என்று ஓட்டுநர்களிடம் சொன்னார்கள். சிக்னல் கிடையாது, பள்ளம் கிடையாது, குறுக்கே வருபவர் யாரும் கிடையாது. கொஞ்ச நேரம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒருவர் லேசாக வேகம் குறைக்க, பின்னால் வந்தவர் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குறைக்க, ஒரு கட்டத்தில் சில கார்கள் முழுதாக நின்றேவிட்டன. அந்த நெரிசலும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. மணிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தில் பின்பக்கமாக நகர்ந்துகொண்டே போனது. நெடுஞ்சாலையில் நெடுநேரம் ஊர்ந்து, முன்னால் விபத்தோ என்று எட்டி எட்டிப் பார்த்து, கடைசியில் ஒன்றுமே இல்லாமல் சாலை தானாகத் திறந்துகொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அது இதுதான்.

படம் எண்ணாக மாறும் இடம்

கேமரா கொடுப்பது வெறும் புள்ளிகள். சாதாரண எச்டி படம் என்றால் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 பிக்சல். எந்தப் புள்ளி பஸ், எந்தப் புள்ளி நிழல் என்று அதில் எழுதியிருக்காது.

பழைய வழி பின்னணியைக் கழிப்பது. கம்பத்துக் கேமரா அசைவதில்லை என்பதால், தார்ச்சாலையின் ஒவ்வொரு பிக்சலும் பெரும்பாலான நேரம் ஒரே நிறத்தில்தான் இருக்கும். அந்த வழக்கமான நிறத்தை மென்பொருள் பதிந்து வைத்துக்கொள்கிறது. புதிதாக வரும் படத்திலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சும் திட்டு ஒரு வண்டியாக இருக்க வேண்டும். 1980-களில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவான ஆட்டோஸ்கோப், வீடியோவிலிருந்து வாகனங்களை எண்ணும் கருவிகளில் முன்னோடி. திரையில் தெரியும் சாலைமேல் ஒரு கோடோ பெட்டியோ வரைந்துவிட்டால் போதும், அதைக் கடக்கும் வண்டிகளை அது எண்ணிக்கொள்ளும்.

கழித்தல் முறையில் ஒரு வேடிக்கையான ஓட்டை உண்டு. சிவப்பு விளக்கில் ஒரு லாரி அசையாமல் நிற்கிறது என்று வையுங்கள். அதன் நிறம் அந்தப் பிக்சல்களில் மாறாமலே இருப்பதால், கொஞ்ச நேரத்தில் மென்பொருள் அதையும் சாலையின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொள்ளும். லாரி திரையில் இருக்கும், கணக்கில் இருக்காது. எவ்வளவு வண்டிகள் காத்திருக்கின்றன என்று தெரிய வேண்டிய அதே நேரத்தில் கணக்கு காலை வாரிவிடும்.

இன்று பெரும்பாலும் இயந்திரக் கற்றல் முறைதான். மனிதர்கள் கையால் பெட்டி போட்டு 'இது கார், இது பைக்' என்று குறித்த படங்களை லட்சக்கணக்கில் காட்டிப் பழக்கிய மென்பொருள், ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப் படத்திலும், வண்டிகளைத் தனித்தனியாக அடையாளம் காண்கிறது. நின்றாலும் ஓடினாலும் வண்டி வண்டிதான் அதற்கு. ஆனால் பழக்கிய படங்களில் இல்லாததை அது அறியாது. 2014-ல் வெளியாகி உலகம் முழுக்கப் பயன்படும் கோகோ என்ற படத் தொகுப்பில் கார், பஸ், லாரி, மோட்டார் பைக், சைக்கிள் எல்லாம் தனி வகைகளாக உண்டு. ஆட்டோ ரிக்‌ஷாவுக்கு மட்டும் வகையே இல்லை. அந்தத் தொகுப்பை மட்டும் நம்பிப் பழகிய மென்பொருள் ஆட்டோவைப் பார்த்துக் கார் என்றோ லாரி என்றோ சொல்லும், இல்லையென்றால் பேசாமல் இருந்துவிடும். எந்தச் சாலையில் வைக்கப் போகிறோமோ அந்தச் சாலையின் படங்களைக் காட்டிப் பழக்காமல் இந்த வேலை ஒப்பேறாது.

ஃபிரேமுக்கு ஃபிரேம் ஒரே வண்டியைப் பின்தொடர்வது அடுத்த படி. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தற்காலிக எண் கொடுத்து, அடுத்த ஃபிரேமில் அது எங்கே இருக்கக்கூடும் என்று ஊகித்து, அங்கே தெரியும் பெட்டிக்கு அதே எண்ணைக் கொடுப்பார்கள். இந்தத் தொடர்ச்சி அறுந்தால் ஒரே வண்டி இரண்டாகக் கணக்கில் ஏறும். உயரமான கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர் மறைந்து வெளிவரும்போது இது அடிக்கடி நடக்கும். கேமராவை முடிந்தவரை உயரத்தில் வைக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

வேகத்துக்குப் பிக்சலை மீட்டராக்க வேண்டும். தரையில் தூரம் தெரிந்த நான்கு புள்ளிகளைப் படத்தில் அடையாளம் காட்டினால், மீதியைக் கணிதம் பார்த்துக்கொள்ளும். இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்ப்பது நல்லது. 8 மீட்டர் உயரக் கம்பத்தில் எச்டி கேமரா, மேலிருந்து கீழாக அதன் பார்வை சுமார் 40 டிகிரி. 20 மீட்டர் தள்ளி ஒரு பிக்சல் தரையில் கிட்டத்தட்ட 4 செ.மீ. நீளத்தைக் குறிக்கும். 100 மீட்டர் தள்ளி அதே ஒரு பிக்சல் 80 செ.மீ. தூரம் ஐந்து மடங்கானால் பிழை இருபது மடங்காகிறது. ஒரே கேமரா அரைக் கிலோமீட்டருக்கு வேகம் அளந்து தரும் என்று யாராவது விற்க வந்தால், எத்தனை மீட்டர் கம்பம் என்று கேட்டுவிடுங்கள்.

பச்சை எவ்வளவு நேரம் எரிய வேண்டும்?

எண் கைக்கு வந்தாயிற்று. அதை வைத்துச் செய்யும் முதல் வேலை சிக்னல் நேரம். நேரம் மாறாத சிக்னலில் பக்கத்துச் சாலையில் ஒரு ஈ காக்கை இல்லாவிட்டாலும் அதற்கு 30 நொடி பச்சை எரியும். இந்தப் பக்கம் நூறு பேர் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

வண்டியைப் பார்த்து இயங்கும் சிக்னலின் விதி எளிது. ஒவ்வொரு திசைக்கும் குறைந்தபட்சப் பச்சை இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று முதலில் வரம்பு வைப்பார்கள். குறைந்தபட்சம் முடிந்த பிறகும் வண்டிகள் விடாமல் வந்துகொண்டிருந்தால் பச்சை நீளும். மூன்று நொடிபோல இடைவெளி விழுந்துவிட்டால் அங்கேயே பச்சையை முடித்து, அடுத்த திசைக்குத் தள்ளிவிடும். காத்திருக்கும் வரிசையின் நீளமும் தெரிந்தால் இன்னும் நல்லது. பச்சை விழுந்ததும் ஒரு தடத்தில் நிறுத்தக் கோட்டைத் தாண்ட ஒரு காருக்கு ஏறக்குறைய 2 நொடி ஆகும். 10 கார் நின்றால் 20 நொடி, முதல் ஓட்டுநர் சுதாரித்துக் கிளம்ப இன்னும் இரண்டு நொடி. அதற்கு மேல் பச்சை தேவையில்லை.

இதற்குக் கேமராதான் வேண்டும் என்பதில்லை. சாலையைக் கீறி உள்ளே கம்பிச் சுருள் பதித்து, மேலே உலோகம் வருவதை உணரும் முறை 1960-களிலிருந்தே இருக்கிறது. சிட்னியில் பிறந்த ஸ்காட்ஸ், பிரிட்டனில் பிறந்த ஸ்கூட் என்ற இரண்டு புகழ்பெற்ற சிக்னல் மென்பொருள்களும் வளர்ந்தது அந்தச் சுருளை நம்பித்தான். துல்லியத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. மழைக்கும் இருட்டுக்கும் அது அசராது. சிக்கல் வேறு. சாலையை மறுபடி தோண்டினால் சுருள் போச்சு. வண்டிகள் தடம் பிடித்துப் போகாத சாலையில் இரண்டு சுருளுக்கு நடுவே புகுந்து போகும் பைக் கணக்கில் வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, சுருளுக்குத் தன் தலைக்கு மேல் இருப்பது மட்டுமே தெரியும். சந்திப்பைத் தாண்டிய பிறகு சாலை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்றால் இங்கே பச்சை கொடுப்பதே வீண். வண்டிகள் சந்திப்பின் நடுவில் போய் மாட்டிக்கொண்டு நாலு திசையையும் மறிக்கும். அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க முடிகிறதே, அதுதான் கேமராவின் உண்மையான பலம் என்பேன்.

ஆனால் கேமராவிலிருந்து சிக்னல் பெட்டிக்கு இணைப்பு இருக்க வேண்டும். இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சுவர் முழுக்கத் திரைகள், குளிரூட்டிய அறை, திறப்பு விழா எல்லாம் நடந்த பிறகும் கீழே சிக்னல் என்றோ போட்ட நேரப்படியே ஓடிக்கொண்டிருந்தால் அந்தத் திரைகளால் ஒரு வண்டிக்கும் வழி கிடைக்கப் போவதில்லை.

நெடுஞ்சாலை, சுரங்கப்பாதை

திரை வைத்துக் கண்காணிப்பதும் பழைய கதைதான். 1960-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லாட்ஜ் விரைவுச்சாலையின் சுமார் 5 கி.மீ. நீளத்துக்கு 14 டிவி கேமராக்களை வைத்துப் பார்த்தார்கள். சிக்கல் எங்கே வந்தது என்று அன்றே புரிந்தது: மனிதர்கள் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருக்க முடியாது. கவனம் கலையும்.

ஆகவே இப்போது மென்பொருள் முதலில் பார்க்கிறது, சந்தேகம் வந்தால் மனிதரைக் கூப்பிடுகிறது. நெடுஞ்சாலையில் நின்றுவிட்ட வண்டி, எதிர்த்திசையில் வரும் வண்டி, சாலையில் விழுந்த சரக்கு, நடந்து வரும் ஆள், புகை. இவைதான் அது தேடுபவை. சுரங்கப்பாதையில் இந்தத் தேடலுக்கு உயிரின் விலை உண்டு. 1999 மார்ச் 24 அன்று பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் 11.6 கி.மீ. நீள மோன் பிளாங் சுரங்கத்துக்குள் மாவும் மார்ஜரினும் ஏற்றி வந்த ஒரு லாரி தீப்பற்றியது. 39 பேர் இறந்தார்கள். 2004-ல் ஐரோப்பிய ஒன்றியம் சுரங்கப்பாதைப் பாதுகாப்புக்கென்று ஓர் உத்தரவு கொண்டுவந்தது. கட்டுப்பாட்டு மையம் உள்ள சுரங்கங்களில் வீடியோ கண்காணிப்பும், விபத்தையோ தீயையோ தானாகக் கண்டறியும் அமைப்பும் இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி.

பிரிட்டனின் எம்42 நெடுஞ்சாலையில் 2006-ல் வந்த ஏற்பாடு வேறு வகை. நெரிசல் நேரத்தில் சாலையின் அவசர ஓரத்தடத்தையும் ஓட்டத்துக்குத் திறந்துவிடுவார்கள். திறப்பதற்கு முன்னால் அங்கே பழுதாகி நிற்கும் வண்டி ஏதாவது இருக்கிறதா என்று கட்டுப்பாட்டு அறையில் கேமரா வழியே பார்த்து உறுதி செய்தாக வேண்டும். கூடவே, மேலே தொங்கும் பலகைகளில் வேக வரம்பைப் படிப்படியாகக் குறைப்பார்கள். முன்னே சொன்ன 22 கார் சோதனையை நினைத்துக்கொண்டால் இது ஏன் என்று விளங்கும்: எல்லாரும் கொஞ்சம் மெதுவாக, ஒரே வேகத்தில் போனால் அந்தப் பிரேக் அலை கிளம்பவே கிளம்பாது, கிளம்பினாலும் சீக்கிரம் அடங்கும்.

நம்பர் பிளேட்

வேகக் கேமராவைப் புகழ்பெறச் செய்தவர் ஒரு கார் பந்தய வீரர். நெதர்லாந்தின் மோரிஸ் காட்ஸோனிடிஸ், 1953 மான்டி கார்லோ ராலியை வென்றவர். வளைவுகளில் தன் வேகத்தைக் கூட்டுவதற்காக அவர் செய்த அளவுக்கருவிதான் பின்னாளில் மற்றவர்களின் வேகத்தைக் குறைக்கும் தொழிலாக வளர்ந்தது. சிவப்பை மீறுவதைப் பிடிக்கும் கேமராவில் சூட்சுமம் பெரிதாக இல்லை. சிவப்பு விழுந்த பிறகு நிறுத்தக் கோட்டில் ஒரு படம், வண்டி சந்திப்புக்குள் போன பிறகு இன்னொன்று. இரண்டும் இருந்தால்தான் கோட்டைத் தொட்டு நின்றவரையும் தாண்டிப் போனவரையும் பிரிக்க முடியும்.

நம்பரைத் தானாகப் படிக்கும் முறை 1976-ல் பிரிட்டிஷ் காவல்துறையின் அறிவியல் ஆய்வுப் பிரிவில் உருவானது. இதில் பாதி வேலை படத்தைக் கலங்காமல் எடுப்பது. மணிக்கு 90 கி.மீ. என்றால் நொடிக்கு 25 மீட்டர். ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் கேமரா கண் திறந்திருந்தால் அதற்குள் வண்டி அரை மீட்டர் போய்விடும். எழுத்தெல்லாம் இழுசிப் போகும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 2.5 செ.மீ.தான். வண்டி கேமராவை நோக்கி வருவதால் படத்தில் அது இன்னும் குறைவாகத் தெரியும். ஆனால் அவ்வளவு குறுகிய நேரத்தில் உள்ளே வரும் வெளிச்சம் இரவில் போதாது. அதற்குத்தான் பக்கத்தில் அந்த விளக்குப் பெட்டி. அது வீசும் அகச்சிவப்பு ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பூச்சு பல நாட்டு நம்பர் பிளேட்டில் உண்டு. கேமராவின் வடிகட்டி மற்ற ஒளியை எல்லாம் தடுத்துவிடும். முடிவில் கிடைக்கும் படத்தில் கார் இருக்காது, ஓட்டுநர் இருக்கமாட்டார். கரும் இருட்டில் பளிச்சென்று ஒரு நம்பர் மட்டும் மிதக்கும்.

இந்த நம்பரை வைத்து இரண்டு இடங்களுக்கு நடுவே சராசரி வேகம் பார்க்கலாம். 3 கி.மீ. இடைவெளியில் இரண்டு கேமரா; ஒரு வண்டி 2 நிமிடத்தில் வந்தால் 90 கி.மீ., ஒன்றரை நிமிடத்தில் வந்தால் 120. கேமரா அருகில் மட்டும் பிரேக் போட்டுத் தப்பிக்கும் வித்தை இதனிடம் செல்லாது. நகரின் நெரிசலான பகுதிக்குள் வண்டியில் வருபவரிடம் வாங்கும் நெரிசல் கட்டணமும் இதே நம்பரை நம்பித்தான். லண்டன் 2003 பிப்ரவரி 17 அன்று நாளொன்றுக்கு 5 பவுண்டு என்று தொடங்கியது. ஸ்டாக்ஹோம் 2006-ல் சோதித்துப் பார்த்து, நகர எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைந்ததைக் கண்டு, அடுத்த ஆண்டு நிரந்தரமாக்கியது.

எங்கே சறுக்கும்?

2021-ல் இங்கிலாந்தின் பாத் நகரில் பஸ் தடத்தில் போனதாக ஒருவருக்கு அபராத நோட்டீஸ் வந்தது. படத்தில் வண்டியே இல்லை. ஒரு பெண் நடந்து போகிறார். அவர் சட்டையில் 'நிட்டர்' (KNITTER) என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது, தோள்பை வார் நடுவில் குறுக்கே விழுந்திருக்கிறது. மென்பொருள் அதை 'கேஎன்19 டிஇஆர்' (KN19 TER) என்ற நம்பராகப் படித்துவிட்டது. சீனாவின் நிங்போ நகரில் 2018-ல், சாலையை விதி மீறிக் கடப்பவர்களின் முகத்தைத் திரையில் போடும் கேமரா, ஒரு பஸ் விளம்பரத்தில் இருந்த பிரபலத் தொழிலதிபரின் முகத்தைப் பிடித்துப் போட்டது. இரண்டிலும் நோட்டீஸோ படமோ போவதற்கு முன் ஒரு மனிதர் ஒரு நொடி பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

அன்றாடத் தவறுகள் இவ்வளவு வேடிக்கையாக இருப்பதில்லை. மாலை வெயிலில் நீளும் நிழல் பக்கத்துத் தடத்தில் இன்னொரு வண்டியாகும். ஈரச் சாலையில் முன்விளக்கு பளபளத்தால் வண்டி வருவதற்கு முன்பே எண்ணிக்கை ஏறும். சூரியன் லென்சுக்கு நேரே நிற்கும் நேரத்தில் படம் வெளுத்துவிடும். பூச்சிகள் விளக்கை மொய்க்கும். அவற்றைத் தேடிச் சிலந்தி வந்து லென்சுக்கு முன்னால் வலை கட்டும், அகச்சிவப்பு வெளிச்சத்தில் அந்த வலை வெள்ளைத் திரை போல ஒளிரும். ஏணி போட்டு ஏறித் துணியால் துடைப்பதைத் தவிர இதற்கு மருந்து இல்லை. கேமரா வாங்க ஒதுக்கும் பணத்தில் துடைப்பதற்கும் ஒரு பங்கு வேண்டும்.

படம் எங்கே போகிறது?

எண்ணும் கேமராவில் அந்தரங்கப் பிரச்சினையை வடிவமைப்பிலேயே தவிர்த்துவிடலாம். கேமராவுக்குள் இருக்கும் கணினியே எண்ணி முடித்து, 'வடக்குத் தடம், 5 நிமிடம், 143 வண்டி, சராசரி 31 கி.மீ.' என்பது போல ஒரு வரியை மட்டும் வெளியே அனுப்பினால் சிக்னலுக்கு அது போதும். படம் கேமராவை விட்டு வெளியே வரவே வேண்டாம். அனுப்பும் செலவும் மிச்சம்.

நம்பர் படிக்கும் கேமராவில் அந்த வசதி கிடையாது. யார் எப்போது எங்கே போனார் என்பதுதான் அதன் விளைபொருளே. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2008 மார்ச் 11 அன்று இரண்டு மாநிலங்களின் நம்பர் வாசிப்புச் சட்டங்களைச் செல்லாது என்று அறிவித்தது. எதற்காகப் படிக்கிறார்கள் என்று அந்தச் சட்டங்கள் தெளிவாகச் சொல்லவில்லை; தேடப்படும் பட்டியலில் இல்லாத நம்பரை உடனே ஒப்பிட்டு, உடனே அழித்துவிட வேண்டும் என்ற உறுதியும் அவற்றில் இல்லை. ஒரு புதிய கேமராத் திட்டம் அறிவிக்கப்படும்போது எத்தனை கேமரா, எவ்வளவு செலவு என்பதெல்லாம் செய்தியில் வந்துவிடும். பட்டியலில் இல்லாத நம்பர் எத்தனை நாள் சேமிப்பில் இருக்கும், யார் கையில் இருக்கும் என்பதைத்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.